வழியறிதல் விளையாட்டுகளும் முதியோர் மூளைநலமும்

திரையிலோ மெய்நிகர் ஹெட்செட்டிலோ முப்பரிமாணமாக விரியும் ஓர் ஊருக்குள் அல்லது கடலுக்குள் ஆடுபவர் தாமே நடமாடி, வழியை நினைவில் இருத்தி, குறித்த இடத்தைச் சென்றடையும் வீடியோ கேம்கள் வழியறிதல் விளையாட்டுகள் எனப்படும். இளைஞரின் பொழுதுபோக்காகப் பிறந்த இவ்வகை, 1990களின் பிற்பகுதியில் நரம்பியல் ஆய்வுக் கருவியானது. 2010க்குப் பின் முதியோரின் நினைவாற்றலைப் பேணவும், அல்சைமர் நோயின் தொடக்க நிலையைக் கண்டறியவும் பயன்படுத்தப்படுகிறது. குறுக்கெழுத்து, சுடோகு, செல்பேசியில் விற்கப்படும் ‘மூளைப் பயிற்சி’ செயலிகள் ஆகியவை வேறு இனம். அவற்றை இதனோடு சேர்த்து எண்ணும் வழக்கம் பரவலாக இருந்தாலும் சரியன்று.

தோற்றம்

இத்துறையின் வேர் எலிகளிடம் இருக்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எலிகளைப் புதிர்ப்பாதைகளில் ஓடவிட்டுப் பார்த்த எட்வர்ட் டோல்மன், அவை திருப்பங்களை மனப்பாடம் செய்வதோடு நிற்பதில்லை, இடத்தையே ஒரு வரைபடமாக மனத்தில் கொள்கின்றன என்று 1948இல் எழுதினார். அந்த வரைபடம் மூளையில் எங்கே இருக்கிறது என்பதற்கு விடை கிடைக்க 23 ஆண்டுகள் ஆயின. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் ஜான் ஓ’கீஃப், தம் மாணவர் ஜோனதன் டோஸ்ட்ரோவ்ஸ்கியுடன் சேர்ந்து, எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் சில நரம்பணுக்கள் அது கூண்டின் ஒரு குறிப்பிட்ட மூலைக்கு வரும்போது மட்டும் துடிப்பதை 1971இல் கண்டார். அவற்றுக்கு இடச் செல்கள் என்று பெயர். ஹிப்போகாம்பஸை அடுத்துள்ள எண்டோரைனல் புறணியில், இடத்தைக் கட்டம் கட்டமாகக் குறிக்கும் கட்டச் செல்கள் இருப்பதை நார்வேயின் டிரொண்டைம் நகரில் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் 2005இல் கண்டனர். மூவருக்கும் 2014இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இடையில் ரிச்சர்ட் மோரிஸ் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனையை வகுத்து 1981இல் வெளியிட்டார். வட்டமான தொட்டியில் நீர் நிரப்பி, பாலைக் கலந்து கலங்கலாக்கி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு மேடையை மறைத்து வைத்தார். நீந்தி அலையும் எலிக்கு மேடை கண்ணில் படாது. அறைச் சுவரில் உள்ள அடையாளங்களைக் கொண்டு அது எங்கே இருக்கிறது என்று கணித்தாக வேண்டும். நலமான எலி சில முயற்சிகளிலேயே நேரே மேடைக்குப் போய்விடும். ஹிப்போகாம்பஸ் பழுதான எலி சுற்றிச் சுற்றி வரும். இன்று முதியோருக்குத் தரப்படும் மெய்நிகர் விளையாட்டுகளில் பலவற்றை இந்தத் தொட்டியின் வாரிசுகள் என்று சொல்லலாம்.

மனிதரைத் தொட்டியில் நீந்தவிட முடியாது. மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் படுத்திருப்பவரை நடக்கவிடவும் முடியாது. இந்தச் சிக்கலை வீடியோ கேம்தான் தீர்த்தது. லண்டனில் எலினர் மகுவையரும் குழுவினரும் ‘டியூக் நியூகெம் 3டி’ என்ற துப்பாக்கிச் சூட்டு விளையாட்டிலிருந்து பகைவர்களையும் ரத்தத்தையும் நீக்கி, ஆளரவமற்ற ஒரு நகரமாக மாற்றினர். படுத்திருந்தவர் விசைகளை அழுத்தி அந்த நகரில் உலவினார். வழியைத் துல்லியமாக அறிந்து சென்றபோது வலப்பக்க ஹிப்போகாம்பஸ் அதிகம் இயங்கியது. விரைவாகச் சென்றடைவதோடு இணைந்து இயங்கியது காடேட் என்ற வேறொரு பகுதி. 1998இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த இந்தக் கட்டுரையிலிருந்தே துறையின் வரலாற்றைத் தொடங்குவது பொருத்தம்.

மகுவையரின் அடுத்த ஆய்வு உலகப் புகழ் பெற்றது. லண்டனில் கறுப்பு டாக்ஸி ஓட்ட உரிமம் வேண்டுவோர் சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைல் வட்டத்துக்குள் உள்ள ஏறத்தாழ 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து தேறவேண்டும். அப்படித் தேறிய ஓட்டுநர்களின் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பிறரைவிடப் பெரிதாக இருப்பதை 2000இல் அவர் காட்டினார். சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் 2003இல் இதற்குக் கிடைத்தது. பிறவியிலேயே ஹிப்போகாம்பஸ் பெரிதாக இருந்தவர்கள்தான் டாக்ஸித் தொழிலுக்கு வருகிறார்களோ என்ற ஐயத்துக்கு 2011இல் விடை வந்தது. பயிற்சிக்குச் சேர்ந்த 79 பேரில் தேறிய 39 பேரிடம் மட்டும் வளர்ச்சி தெரிந்தது, தேறாதவர்களிடம் தெரியவில்லை.

2006இல் மகுவையரும் அவருடைய சக ஆய்வாளர் ஹியூகோ ஸ்பியர்ஸும் லண்டன் தெருக்களை அப்படியே வார்த்திருந்த ‘தி கெட்அவே’ என்ற பிளேஸ்டேஷன் 2 விளையாட்டை டாக்ஸி ஓட்டுநர்களிடம் கொடுத்தனர். ஸ்கேனருக்குள் படுத்தபடி அவர்கள் சவாரி ஏற்றி இறக்கினர். வெளியே வந்ததும் பதிவைப் போட்டுக் காட்டி, ஒவ்வொரு திருப்பத்திலும் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டனர். ஸ்பியர்ஸ் பின்னர் இத்துறையின் மிகப் பெரிய விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரானார்.

இருவகை வழியறிதல்

ஓரிடத்துக்குப் போக இரண்டு முறைகள் உண்டு. கோயில் கோபுரம் இடப்பக்கம் தெரியும், அதற்கு வடக்கே குளம், குளத்துக்குப் பின்னால் சந்தை என்று இடங்களை ஒன்றோடொன்று பொருத்தி அறிவது வரைபட முறை. இரண்டாவது தெருவில் வலது, பெட்டிக்கடையில் இடது என்று திருப்பங்களைப் பழக்கமாக்கிக்கொள்வது எதிர்வினை முறை. முன்னது ஹிப்போகாம்பஸையும் பின்னது காடேட்டையும் சார்ந்தவை. வயது ஏற ஏற மனிதர்கள் இரண்டாவதன் பக்கமே சாய்கிறார்கள். அல்சைமர் நோய் முதலில் கைவைக்கும் இடங்களுள் எண்டோரைனல் புறணி முக்கியமானது. பழகிய தெருவிலேயே வழி தப்புவது அந்நோயின் தொடக்க அறிகுறிகளில் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

ஆகவே எந்த விளையாட்டானாலும் பலன் தரும் என்பதில்லை. துப்பாக்கிச் சூட்டு விளையாட்டுகளை நீண்ட நேரம் ஆடிய இளைஞர்களில் எதிர்வினை முறையைச் சார்ந்தோரின் ஹிப்போகாம்பஸ் குறைந்ததாக மாண்ட்ரியாலின் கிரெகரி வெஸ்ட் குழு 2017இல் கூறியது. ஆடுபவர் எந்த முறையில் வழி காண்கிறார் என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது.

முதியோரிடம் நடந்த ஆய்வுகள்

பெர்லின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த மார்ட்டின் லவ்டென் குழுவினர் 20 முதல் 30 வயதும், 60 முதல் 70 வயதும் உள்ள ஆண்களை நான்கு மாதங்கள் டிரெட்மில்லில் நடக்கவிட்டனர். அவர்கள் கண்முன் ஒரு மெய்நிகர் விலங்குக் காட்சிச்சாலை விரிந்தது. நடந்தபடியே ஒவ்வொரு விலங்கின் இடத்தையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒப்பீட்டுக் குழுவினரும் டிரெட்மில்லில் நடந்தார்கள், ஆனால் வழி தேடும் வேலை அவர்களுக்கு இல்லை. 2012இல் வெளியான முடிவின்படி, வெறுமனே நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் வயதுக்கேற்பச் சிறுத்தது. வழி தேடியவர்களிடம் அளவு மாறாமல் நின்றது. பயிற்சி முடிந்து நான்கு மாதம் வரை இந்த வேறுபாடு நீடித்தது. நடை நல்லதுதான், ஆனால் இங்கே வேலை செய்தது தேடல் என்று இதைக் கொண்டு சொல்லலாம்.

வெஸ்ட் குழு 55 முதல் 75 வயதுள்ளோரை மூன்றாகப் பிரித்தது. ஒரு பகுதியினர் ஆறு மாதம், நாளுக்கு 30 நிமிடம், வாரம் ஐந்து நாள் ‘சூப்பர் மாரியோ 64’ ஆடினர். மற்றொரு பகுதியினர் அதே கால அளவில் பியானோ கற்றனர். மூன்றாம் பகுதியினருக்கு எதுவும் தரப்படவில்லை. மாரியோ ஆடியவர்களின் ஹிப்போகாம்பஸிலும் சிறுமூளையிலும் சாம்பல்நிறப் பொருள் கூடியது. பியானோ கற்றவர்களுக்கு வளர்ச்சி மூளையின் முன்புறணியிலும் சிறுமூளையிலும் இருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஆடம் கசாலி குழுவினர் ஹெட்செட் அணிந்து ஆடும் ‘லாபிரிந்த்’ என்ற விளையாட்டைத் தந்து, முதியோரின் நீண்டகால நினைவு துல்லியமடைவதாக 2021இல் அறிவித்தனர்.

சீ ஹீரோ குவெஸ்ட்

2016 மே மாதம் வெளியான ‘சீ ஹீரோ குவெஸ்ட்’ என்ற செல்பேசி விளையாட்டுக்கு டாய்ச்ச டெலிகாம் பணம் கொடுத்தது. லண்டனின் கிளிட்சர்ஸ் நிறுவனம் வடிவமைத்தது. அறிவியல் பொறுப்பை ஸ்பியர்ஸும் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஹோர்ன்பெர்கரும் ஏற்றனர். நினைவு மங்கிய ஒரு கிழக் கடலோடியின் மகன், தந்தை சென்ற வழிகளில் மீண்டும் பயணம் போவது கதை. கட்டம் தொடங்கும்போது வரைபடமும், அதில் எண்ணிட்ட மிதவைகளும் தெரியும். விரலால் தொட்டதும் வரைபடம் மறைந்துவிடும். பிறகு படகை நினைவைக் கொண்டே வரிசைப்படி செலுத்த வேண்டும். வேறு சில கட்டங்களில் வளைந்து நெளிந்து போய்ச் சேர்ந்தபின், புறப்பட்ட இடம் எந்தப் பக்கம் என்று ஒளிவாணத்தைச் சுட்டுக் காட்ட வேண்டும். செல்பேசி பழகாத பாட்டியும் நாள் முழுதும் ஆடும் பேரனும் ஒரே அளவுகோலில் வர, நினைவே தேவைப்படாத முதல் கட்டங்களில் கைப்பழக்கம் தனியே அளந்து கழிக்கப்பட்டது.

43 லட்சம் பேர் ஆடினர். ஆய்வுக்கூடத்தில் நூறு பேரைச் சேர்ப்பதே பெரும்பாடாக இருந்த துறைக்கு இது எதிர்பாராத செல்வம். வழியறியும் திறன் இருபதுகளிலிருந்தே இறங்கத் தொடங்குகிறது என்று 2018இல் தெரிந்தது. அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் ஏபிஓஇ4 மரபணு உடையவர்கள், வழக்கமான நினைவாற்றல் தேர்வில் பிறரைப் போலவே தேறினாலும், இவ்விளையாட்டில் கரையோரமாகச் சுற்றிப்போனார்கள் என்பது 2019இன் முடிவு. நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள், நகரங்களில், குறிப்பாகக் கட்டம் கட்டமான தெருக்கள் கொண்ட நகரங்களில், வளர்ந்தவர்களைவிட நன்றாக வழி கண்டார்கள் என்பதை 2022இல் ‘நேச்சர்’ வெளியிட்டது. 2017இல் ஹெட்செட் வடிவமும் வந்தது.

மறுப்புகளும் இன்றைய நிலையும்

மூளைப் பயிற்சி விளையாட்டுகள் முதுமைச் சரிவைத் தடுக்கும் என்பதற்குச் சான்று போதாது என்று 2014இல் அறிவியலாளர் பலர் கூட்டாக அறிக்கை விட்டனர். ஆதாரமற்ற விளம்பரத்துக்காக லூமோசிட்டி என்ற மூளைப் பயிற்சிச் செயலியின் உரிமையாளர்கள் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 2016இல் 20 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டனர். அந்தக் கண்டனங்கள் பெரிதும் தட்டையான புதிர்ச் செயலிகளைப் பற்றியவை. வழியறிதல் விளையாட்டுகளை அவை நேரடியாகக் குறிவைக்கவில்லை. டிமென்ஷியா அபாயம் குறித்த உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல், முதியோருக்கு மூளைப் பயிற்சி தரலாம் என்று நிபந்தனையுடன் கூறுகிறது. ஹெட்செட் சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் தருகிறது. கீழே விழும் அபாயம் கருதி உட்கார்ந்தபடி ஆடவைப்பதும் உண்டு. முதியோருக்குப் பயிற்சி தந்து பார்க்கும் ஆய்வுகளில் பங்கேற்போர் எண்ணிக்கை பெரும்பாலும் சில பத்துகளே.