ஒழுகும் தளமும் ஒரு சட்டத்தின் கதையும்

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வகைப் படங்கள் வரும். ஒன்று போதமலை மேல் இறங்கும் மேகம். இன்னொன்று மேல்தளத்து வீடுகளின் படுக்கையறைக் கூரையில் படர்ந்த ஈரத் திட்டு. முதல் படத்துக்கு எல்லோரும் கைகூப்புகிறோம். இரண்டாவது படத்துக்குப் பதில் போட ஆள் இல்லை. தளம் ஒழுகினால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நம் நாட்டில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைத்தான் இந்த முறை எழுதுகிறேன்.

நாட்டு ஓட்டு வீட்டில் இந்தச் சண்டையே கிடையாது. குரங்கு ஏறினாலும் பூனை ஓடினாலும் ஓடு நகரும் என்பது எல்லோருக்கும் தெரியும். மழைக்கு முன்னால் ஆள் வந்து ஓட்டைப் பிரித்து மேய்ந்து கொடுப்பார், கூலி வாங்கிக்கொண்டு போவார், அடுத்த வருடம் அவரே வருவார். ராசிபுரம் பட்டு நெசவு ஊர். குழித்தறி போட்ட வீட்டில் ஒரு சொட்டு பாவின் மேல் விழுந்தால் நஷ்டம் சேலைக் கணக்கில் போகும். அதனால் தறிக்காரர்கள் ஓடு மேய்வதைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

வசதியானவர்கள் கட்டியது மெத்தை வீடு. பொறியாளர்கள் மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். மரவிட்டங்கள் மேல் செங்கலைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு. அந்த வேலையில் அவசரத்துக்கு இடமில்லை.

பிறகு கம்பியும் சிமெண்டும் வந்தன. சென்ட்ரிங் அடித்து ஒரே நாளில் கான்கிரீட் ஒட்டிவிடலாம். ஆனால் கான்கிரீட் தானாகவே தண்ணீரைத் தடுத்துவிடாது. போதிய நாள் தண்ணீர் விட்டு ஆற்ற வேண்டும், மழைநீர்க் குழாயை நோக்கி வாட்டம் வேண்டும், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைச் சரியாக அடைக்க வேண்டும். ஒழுகல் பெரும்பாலும் அந்த மூலையில்தான், இல்லையென்றால் குழாய் வாயில். இதையெல்லாம் செய்தாரா என்று பார்க்க முடியாத இடத்தில் செய்துவிட்டு, பணம் வாங்கிக்கொண்டு மேஸ்திரி போய்விடுகிறார். மழை வரும்போது அவர் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார்.

அப்போது வீட்டுக்காரருக்கு என்ன வழி? பி.காம். படித்தபோது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தை மனப்பாடம் செய்தோம். ஒப்பந்தத்தை மீறியவர் நஷ்டஈடு தர வேண்டும் என்கிறது 73ஆவது பிரிவு. ஆனால் அதற்கு சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும், கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும், வக்கீல் வைக்க வேண்டும், வாய்தாவுக்கு நடக்க வேண்டும். சில ஆயிரம் ரூபாய் வேலைக்கு யார் போவார்? (ஹமுராபியின் பாபிலோனில், கட்டியவன் செலவிலேயே சாயும் சுவரைச் சரிசெய்ய வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். வீடு இடிந்து உரிமையாளர் செத்தால் கட்டியவனுக்கு மரண தண்டனை. அவ்வளவு தூரம் நாம் போக வேண்டாம்.)

1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் சேவை எது என்று ஒரு பட்டியல் இருந்தது. எங்கள் வங்கித் தொழில் முதல் நாளிலிருந்தே அதில் இருந்தது. கவுண்டரில் நின்றவர்கள் சட்டத்தைச் சொல்லி எங்களை மிரட்டியதும் உண்டு. ஆனால் வீடு கட்டும் தொழிலின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை! வீடு அசையாச் சொத்து, அது பொருளும் அல்ல சேவையும் அல்ல என்று கட்டுபவர்கள் வாதாடினார்கள்.

அந்த வாதத்தை முடித்து வைத்தது லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கு. கோமதி நகரில் வீட்டுக்கு முழுப் பணம் கட்டிய ஒருவருக்கு வீட்டை ஒப்படைக்கவில்லை. அவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். ஆணையம் உச்ச நீதிமன்றம் வரை இழுத்தது. 1993 நவம்பர் 5 அன்று தீர்ப்பு வந்தது: வீடு கட்டித் தருவது சேவைதான், கட்டுமானத்தில் குறை இருந்தால் அது சேவைக் குறைபாடுதான். அலைக்கழித்ததற்கான நஷ்டஈட்டைப் பொறுப்பான அதிகாரிகளிடமிருந்தே வசூலிக்கவும் நீதிமன்றம் சொன்னது. அந்த வரியை இன்றும் ரசித்துப் படிப்பேன். அதற்குச் சில மாதங்கள் முன்பே, 1993 ஜூன் 18 முதல், வீட்டுக் கட்டுமானம் என்ற சொல்லையும் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

தீர்ப்பு வந்துவிட்டதால் எல்லா ஒழுகலும் நின்றுவிடவில்லை. மொத்தக் காண்ட்ராக்டாக விட்ட வேலைக்கும், நாமே சாமான் வாங்கிக்கொடுத்து நாள் கூலிக்கு வைத்த வேலைக்கும் வித்தியாசம் உண்டு. நம் சொல்படி செய்த கூலியாள் மேல் சேவைக் குறைபாடு என்று போனால், எதிர்த்தரப்பு வாதாட இடம் கிடைக்கும். காகிதம் இல்லாத வேலைக்கு எந்தச் சட்டமும் அரை மனதோடுதான் உதவும். வங்கியில் வீட்டுக்கடன் கோப்புகளைப் பார்த்தவன் சொல்கிறேன்: எஸ்டிமேட் இருக்கும், பிளான் இருக்கும், தளத்துக்கு எத்தனை வருடம் உத்தரவாதம் என்று ஒரு வரி இருக்காது.

அடுக்குமாடிக்கு வருவோம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, 14ஆவது பிரிவில் ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டு கணக்கு வைக்கிறது. அதற்குள் கட்டுமானக் குறையைச் சொன்னால் 30 நாளில் கட்டுநர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். இதில் வீட்டுக்காரர்களின் சங்கமே புகார் கொடுக்கலாம் என்று 31ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் அப்படி இல்லை. சட்டப்படி அமைந்த குடியிருப்புச் சங்கம், தானாக முன்வந்து அமைந்த நுகர்வோர் அமைப்பு ஆகாது என்று 2020இல் ஒரு கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே அங்கே போவதானால் வீட்டுக்காரர்கள் தம் பெயரில் போவதே பாதுகாப்பு.

5 ஆண்டு தாண்டிய பிறகு ஆள் வைத்து வாட்டர் ப்ரூஃபிங் செய்து, அது ஒழுகினால்? 2019ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் சட்டப்படி 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போக வேண்டும். நமக்கு நாமக்கல். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. கையில் இருக்க வேண்டியவை கொட்டேஷன், ரசீது, தேதியோடு படங்கள், காண்ட்ராக்டருக்கு அனுப்பிய பதிவுத் தபாலின் நகல்.

கடைசியாகத் தரைத்தளத்து நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. "எங்கள் வீட்டில் ஒழுகவில்லையே" என்று பராமரிப்புத் தொகையில் பங்கு கேட்கும்போது சிலர் சொல்கிறார்கள். ரெரா சட்டம் மொட்டை மாடியைப் பொது இடங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. துணி காயப் போடுவதும் தண்ணீர்த் தொட்டி வைப்பதும் நம் எல்லோருக்கும் என்றால், தட்டோடு மாற்றும் செலவும் அப்படித்தான். அடுத்த பொதுக்குழுவில் இது முதல் பொருளாக வருகிறது. கொட்டேஷன் வாங்கித் தர முடிந்தவர்கள் கார்த்திகைக்குள் செயலாளரிடம் கொடுங்கள்.