இருபது ஹெக்டேர் கோடு: பிரான்ஸில் சிறுநிலக்காரரும் வேட்டையுரிமையும், 1789–2021

1789 தொடக்கத்தில் பிரெஞ்சுக் கிராமங்கள் மன்னருக்கு எழுதியனுப்பிய குறைப்பேடுகளில் வேட்டை பற்றிய முறையீடு திரும்பத் திரும்ப வருகிறது. முயலும் மானும் பயிரை மேய்ந்தன. பிரபுவின் மாடப்புறாக்கள் விதைத்ததைப் பொறுக்கித் தின்றன. அவற்றை அடிக்க உழவருக்கு உரிமையில்லை. அந்த ஆகஸ்டில் தேசிய சபை பிரபுக்களின் தனி வேட்டையுரிமையை ஒழித்து, தன் நிலத்தில் நுழையும் விலங்கை வீழ்த்தும் உரிமையை நிலத்துக்காரருக்கே தந்தது. பிறர் நிலத்தில் அவர் சம்மதமின்றி வேட்டையாடக் கூடாது என்பதை 1790 ஏப்ரல் சட்டமும் 1844 மே 3 சட்டமும் நிலைநாட்டின. புரட்சி உழவருக்குத் தந்தவற்றுள் அன்றாட வாழ்வை இவ்வளவு நேரடியாகத் தொட்டவை சிலவே.

ஆனால் நிலம் துண்டு துண்டாகக் கிடந்த பகுதிகளில் நடைமுறை வேறு. தடுக்காதவர் சம்மதித்தவராகவே கொள்ளப்பட்டார், எவரும் எங்கும் வேட்டையாடினர், விலங்குகள் அருகின. இதைச் சீர்செய்ய, தார்ன் மாவட்டச் செனட்டர் ஃபெர்னான் வெர்தேயின் பெயரால் அறியப்படும் சட்டம் 1964 ஜூலை 10 அன்று வந்தது. அதன்படி, புதுச்சேரி மக்களுக்குப் பழகிய பெயரான கொம்யூன் எனும் உள்ளாட்சி அலகின் அளவில் வேட்டைச் சங்கம் அமைந்தது. சிறு நிலங்களின் வேட்டையுரிமை சங்கத்தின் கைக்குப் போனது. நிலத்துக்காரர் விரும்பாவிட்டாலும் உறுப்பினரானார். சங்கப் பரப்பில் பத்தில் ஒரு பங்கையாவது விலங்குகளின் காப்பிடமாக ஒதுக்க வேண்டியிருந்ததால், சட்டத்தின் நோக்கத்தைப் பழிப்பதற்கில்லை. கோளாறு அதன் அளவுகோலில் இருந்தது. பொதுவாக 20 ஹெக்டேர், சில மாவட்டங்களில் அதைவிடக் கூடுதல், ஒரே தொடர்ச்சியாக வைத்திருந்தவர் விலகி நிற்கலாம். குறைவாக வைத்திருந்தவருக்கு வீட்டைச் சுற்றி 150 மீட்டர் மட்டுமே மிஞ்சியது.

எதிர்ப்பு தோர்தோஞ், ழிரோந்த், க்ரேஸ் மாவட்டங்களிலிருந்து எழுந்தது. வேட்டையை மனச்சான்றின்படி ஏற்காத சிறு நிலக்காரர்கள், தோர்தோஞ்சில் 1985-இல் தங்கள் எல்லையில் ‘வேட்டைக்குத் தடை’ என்று பலகை நட்டனர். அவற்றை அகற்றக் கோரிச் சங்கங்கள் நீதிமன்றம் சென்றன. பிரெஞ்சு நீதிமன்றங்களில் இறுதியாகத் தோற்ற பிறகே நிலக்காரர்கள் ஸ்திராஸ்பூரை நாடினர். 1999 ஏப்ரல் 29 அன்று அங்குள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. தான் வெறுக்கும் செயலுக்குத் தன் நிலத்தை விடச் சொல்வது மிகையான சுமை. அதற்கான சங்கத்தில் கட்டாயமாகச் சேர்ப்பது சங்கம் சேரும் சுதந்திரத்துக்கு முரண். பெரிய நிலக்காரரை மட்டும் விட்டுவைப்பது பாகுபாடு. 93 மாவட்டங்களில் 29-இல் மட்டுமே சங்கம் கட்டாயமாக இருந்தது என்பது அரசின் வாதத்தைப் பெரிதும் தளர்த்தியது.

தீர்ப்பின் வீச்சு எல்லை கடந்தது. 1850-ஆம் ஆண்டின் பிரஷ்யச் சட்டத்திலிருந்து 75 ஹெக்டேர் கோட்டைச் சுமந்துவந்த ஜெர்மனி, 2012-இல் இதேபோன்ற வழக்கில் தோற்று, மறு ஆண்டு தன் சட்டத்தைத் திருத்தியது.

பிரான்ஸ் 2000 ஜூலை 26 சட்டத்தால் மனச்சான்று எதிர்ப்பாளருக்கு வழிவிட்டது. ஆனால் அப்படி விலகுபவர் தன் நிலத்தில் தானும் வேட்டையாடக் கூடாது. என் பார்வையில் பாகுபாடு இங்கே தீரவில்லை, உரு மாறியது. பெரிய நிலக்காரரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. சிறியவர் தன் கொள்கையை அறிவித்தாக வேண்டும். வேட்டையை எதிர்க்காத ஒரு சிறு நிலக்காரர் அதே சமத்துவம் கேட்டபோது, 2012 அக்டோபரில் ஸ்திராஸ்பூர் மறுத்தது.

எஞ்சியது ஒன்றுசேரும் வழி. பல துண்டுகளை இணைத்து 20 ஹெக்டேரை எட்டும் நிலக்காரர் சங்கங்களுக்கு, வேட்டைச் சங்கம் உருவான பிறகு அமைந்தவை என்பதற்காகவே விலகலை மறுப்பது தவறென்று 2018-இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் கூறியது. நாடாளுமன்றம் 2019 ஜூலை 24 சட்டத்தால் அந்தக் கதவை மீண்டும் அடைத்தது. 2021 நவம்பர் 4 அன்று அரசமைப்பு மன்றம் அதைச் செல்லுமென்றது.