"உங்கள் தகவல் திருடு போய்விட்டது": ஒரு கடிதத்தின் வரலாறு

ஒரு நகைக் கடையில் திருட்டு நடந்தால் உடைந்த ஷட்டரைத் தெருவே பார்த்துவிடும். ஆனால் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரிலிருந்து வாடிக்கையாளர் விவரங்கள் திருடப்பட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஏனென்றால் திருடியவன் எடுத்துப் போவது நகலைத்தான், அசல் அங்கேயே இருக்கும். கம்பெனியாக வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லாதபோது எந்தக் கம்பெனி சொல்லும்? சொன்னால் பெயர் கெடும், பங்கு விலை விழும், வழக்கு வரும். சொல்லாவிட்டால் நஷ்டம் வாடிக்கையாளருக்கு மட்டும்தான். லாப நஷ்டக் கணக்குப்படி மௌனம்தான் லாபம்! இந்தக் கணக்கை மாற்றி எழுதியது அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம்.

சட்டம் பிறந்த கதை

கலிஃபோர்னியா அரசு ஊழியர்களின் சம்பள விவரங்கள் டீல் டேட்டா சென்டரில் இருந்தன. 2002 ஏப்ரல் 5 அன்று அதற்குள் ஹேக்கர் ஒருவர் நுழைந்தார். சுமார் 2,65,000 பேரின் பெயர், சோஷியல் செக்யூரிட்டி எண், சம்பள விவரம் எல்லாம் ஆபத்தில். இது கண்டுபிடிக்கப்பட்டது மே 7 அன்று. ஊழியர்களுக்குச் சொன்னது அதற்கும் இரண்டு வாரம் கழித்து!

அமெரிக்காவில் பெயரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கிடைத்தால் இன்னொருவர் பெயரில் கடன் வாங்கலாம், கிரெடிட் கார்டு எடுக்கலாம். முன்பே தெரிந்திருந்தால் ஊழியர்கள் தங்கள் கணக்குகளைக் கவனித்திருப்பார்கள். அந்த வாய்ப்பே அவர்களுக்குத் தரப்படவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், சட்டமன்ற உறுப்பினர்களின் விவரங்களும் அதே கம்ப்யூட்டரில்தான் இருந்தன. தலைவலி தனக்கு வந்தால்தானே தெரியும்! அதே ஆண்டு செப்டம்பரில் எஸ்.பி. 1386 என்ற சட்டம் கையெழுத்தானது. செனட்டர் ஸ்டீவ் பீஸ் கொண்டுவந்த இந்தச் சட்டம் 2003 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது.

சட்டம் சொன்னது எளிமையான விஷயம். கலிஃபோர்னியாவில் தொழில் செய்யும் எந்த நிறுவனமானாலும், அரசு அலுவலகமானாலும், தன்னிடம் உள்ள தனிநபர் விவரங்கள் திருடு போனால் சம்பந்தப்பட்டவர்களுக்குத் தேவையற்ற தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். விவரங்கள் என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தால் மட்டும் இந்தக் கடமை இல்லை. அதாவது கடிதம் எழுத விருப்பமில்லாத கம்பெனி ஒழுங்காகப் பூட்டு போட்டு வைத்தால் போதும். பூட்டு போட இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

சாய்ஸ்பாயிண்ட் விவகாரம்

சட்டத்தின் பலம் 2005-ல்தான் வெளியே தெரிந்தது. சாய்ஸ்பாயிண்ட் என்பது மக்களின் விவரங்களைச் சேகரித்து விற்கும் ஜார்ஜியா மாநில நிறுவனம். சில மோசடிக்காரர்கள் சிறு வியாபாரிகள் போல நடித்து, அங்கே கணக்கு தொடங்கி, விவரங்களைக் காசு கொடுத்தே வாங்கிவிட்டார்கள். இங்கே ஹேக்கிங் என்று எதுவுமே நடக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

2005 பிப்ரவரியில் அந்த நிறுவனம் சுமார் 35,000 பேருக்குக் கடிதம் அனுப்பியது. எல்லோரும் கலிஃபோர்னியாக்காரர்கள். ஏனென்றால் அங்கே மட்டும்தான் சட்டம் இருந்தது! "அப்படியானால் எங்கள் மாநில மக்கள்?" என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்தது. பிறகு சுமார் 1,45,000 பேருக்குத் தெரிவிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் 1,63,000-க்கும் மேல் என்று ஃபெடரல் டிரேட் கமிஷன் கணக்கிட்டது. 2006 ஜனவரியில் 1 கோடி டாலர் அபராதமும், பாதிக்கப்பட்டவர்களுக்காக 50 லட்சம் டாலரும் கட்ட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

அதன்பிறகு மற்ற மாநிலங்கள் வரிசையாக இதே மாதிரிச் சட்டம் போட்டன. 2018-ல் அலபாமாவும் சவுத் டகோட்டாவும் சேர்ந்தபோது 50 மாநிலங்களும் முடிந்தன. அதே ஆண்டு மே 25 முதல் அமலான ஐரோப்பாவின் ஜி.டி.பி.ஆர். சட்டம், 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கெடுவே வைத்துவிட்டது.

மறைத்தால் என்ன ஆகும்?

ஊபர் நிறுவனத்திடம் கேட்டால் தெரியும். 2016-ல் 5.7 கோடி பேரின் விவரங்கள் அங்கே திருடு போயின. நிறுவனம் வெளியே சொல்லவில்லை. திருடியவர்களுக்கே 1 லட்சம் டாலர் கொடுத்து விஷயத்தை மூடியது. 2017 நவம்பரில் உண்மை வெளிவந்தது. 2018-ல் மாநிலங்களுக்கு 14.8 கோடி டாலர் கொடுக்க வேண்டி வந்தது. 2022-ல் அதன் முன்னாள் பாதுகாப்பு அதிகாரி ஜோ சல்லிவன் குற்றவாளி என்று தீர்ப்பானது. திருட்டை அவர் செய்யவில்லை, மறைத்ததற்குத்தான் தண்டனை.

இந்தியாவில்

2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ பிரிவு 2009 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அஜாக்கிரதையான நிறுவனம் நஷ்ட ஈடு தர வேண்டும் என்றது அது. ஆனால் திருட்டு நடந்ததே தெரியாதவர் எப்படி நஷ்ட ஈடு கேட்பார்? 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு, சைபர் தாக்குதல் பற்றித் தன்னிடம் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க உத்தரவிட்டது. அதுவும் அரசுக்குத்தான், வாடிக்கையாளருக்கு அல்ல.

2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்தான் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும் என்கிறது. சொல்லத் தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. இந்தக் கடமைகளுக்குத் தயாராக நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது.

கலிஃபோர்னியா சட்டம் எந்த ஹேக்கரையும் பிடிக்கவில்லை, எந்தக் கம்ப்யூட்டரையும் காப்பாற்றவில்லை. மௌனம் லாபம் என்ற கணக்கை நஷ்டக் கணக்காக மாற்றியது, அவ்வளவுதான். கம்பெனிகளுக்குப் புரியும் மொழி அதுதானே!