கரும்பும் செல் பிரிதலும் – ஒரு வரலாற்றுப் பார்வை

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலுக்கு மேற்கே, மலையடிவாரத்தை ஒட்டிய வாசுதேவநல்லூர், சிவகிரி பக்கம் கரும்பு விளைகிறது. அங்குள்ள விவசாயி கரும்புக்கு விதை போடுவதில்லை. முற்றிய கரும்பைப் பரு உள்ள துண்டுகளாக நறுக்கிக் கரணையாக ஊன்றுகிறார். அந்தப் பரு முளைத்துப் புதுக்கரும்பாகிறது. இதற்குப் பின்னால் இருப்பது செல் பிரிதல்தான்.

இரண்டு வகைப் பிரிதல்

ஜெர்மானிய அறிஞர் வால்தர் பிளெமிங், சாலமாண்டர் என்ற உயிரினத்தின் செல்களுக்குச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். செல்லின் உட்கருவில் நூல் போன்ற இழைகள் தோன்றி, நீளவாக்கில் பிளந்து, இரு பக்கமும் சமமாகப் பிரிந்து செல்வதைக் கண்டார். 1882-ல் இதற்கு மைட்டாசிஸ் என்று பெயரிட்டார். நூல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. அந்த இழைகளே குரோமோசோம்கள். ஒரு செல் இரண்டாகும்போது இரண்டிலும் அதே எண்ணிக்கை இருக்கும். உடல் வளர்வது இப்படித்தான். கரணை முளைப்பதும் இப்படித்தான். எனவே கரணையிலிருந்து வரும் கரும்பு, தாய்க்கரும்பின் நகல்.

1883-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் பெனடன் குதிரையின் குடற்புழுவை ஆராய்ந்தார். முட்டையிலும் விந்திலும் குரோமோசோம்கள் பாதியாகவே இருந்தன. இரண்டும் சேர்ந்தபோது முழு எண்ணிக்கை வந்தது. இனப்பெருக்கத்துக்கான இந்தப் பிரிதலே மியாசிஸ் எனப்படும் குன்றல் பிரிவு. இதில் தாய்வழி, தந்தைவழிப் பண்புகள் கலைத்துப் போடப்படுவதால் ஒரு விதை போல் இன்னொரு விதை இருப்பதில்லை.

கோயம்புத்தூரில் நடந்தது

நூறு ஆண்டுகளுக்கு முன் வட இந்தியக் கரும்பு மெலிந்து, மகசூல் குறைந்து கிடந்தது. சர்க்கரை ஜாவாவிலிருந்து கப்பலில் வந்தது. நகலையே நட்டுக்கொண்டிருந்தால் புதிய ரகம் எப்படி வரும்? கரும்பு பூக்க வேண்டும், விதை பிடிக்க வேண்டும். வட இந்தியாவில் அதற்கு வாய்ப்பு அரிது. கோயம்புத்தூரில் கரும்பு நன்றாகப் பூத்தது. ஆகவே 1912-ல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற கரும்பை, களையாகக் கருதப்படும் நாணலுடன் ஒட்டுச் சேர்த்தனர். அதில் பிறந்த கோ 205 ரகம் 1918-ல் வெளிவந்தது. இனிப்பு கரும்பிடமிருந்தும், தாங்கும் திறன் நாணலிடமிருந்தும் வந்தன.

இந்தக் கலப்பில் ஒரு வியப்பும் இருக்கிறது. இனிப்புக் கரும்புக்கு 80 குரோமோசோம்கள். கோயம்புத்தூர் நாணலுக்கு 64. பாதி பாதி சேர்ந்தால் 72 வர வேண்டும். ஆனால் இத்தகைய கலப்பில் தாய்க்கரும்பு பெரும்பாலும் பாதியாகக் குறையாமல் 80-ஐயும் கொடுத்துவிடுகிறது. நாணலின் 32 சேர்ந்து 112 ஆகிறது. 1920-களில் ஜாவாவில் பிரெமர் என்பவர் இதை எண்ணிக் கண்டுபிடித்தார்.

ஜானகி அம்மாள்

இத்தகைய எண்ணிக்கைகளையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் இ.கே. ஜானகி அம்மாள். 1897-ல் தலைச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் முனைவர் பட்டம் பெற்றார். 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர் நிலையத்தில் பணியாற்றி, கரும்பை மக்காச்சோளம் போன்ற பிற புல்லினங்களுடன் கலந்து ஆராய்ந்தார். 1945-ல் இங்கிலாந்தில் டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார்.

பின்னர் அவர் மக்னோலியா செடிகளில் கோல்சிசின் என்ற மருந்தைப் பயன்படுத்தினார். செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிர்இழைகளை இது தடுத்துவிடும். செல் பிரியாது, குரோமோசோம் மட்டும் இரட்டிக்கும். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளிலும் இதே கோல்சிசின் இருப்பது குறிப்பிடத்தக்கது. 1977-ல் பத்மஸ்ரீ விருது பெற்ற ஜானகி அம்மாள் 1984-ல் காலமானார்.

நகலின் ஆபத்து

கரணை நடுவதில் ஒரு நன்மை உண்டு. நல்ல ரகம் குணம் மாறாமல் கிடைக்கும். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. வயல் முழுவதும் ஒரே கரும்பின் நகல் என்றால், ஒன்றை வீழ்த்தும் நோய் எல்லாவற்றையும் வீழ்த்தும். உத்தரப் பிரதேசத்தில் பெரும்பரப்பில் பயிரான கோ 0238 ரகத்தை அண்மை ஆண்டுகளில் செவ்வழுகல் நோய் தாக்கி விவசாயிகளுக்குப் பெரும் இழப்பு ஏற்பட்டது. தமிழ்நாட்டிலும் கோ 86032 என்ற ஒரே ரகம் நீண்ட காலமாகப் பெரும்பரப்பை ஆண்டு வந்திருக்கிறது.

வயலை நிரப்புவது மைட்டாசிஸ். அடுத்த ரகத்தைத் தருவது மியாசிஸ். பொங்கலுக்குக் கடிக்கும் கரும்பு வேண்டுமானால் கரணை போதும். அடுத்த நோயைத் தாங்கும் கரும்பு வேண்டுமானால் பூவும், வரப்போரத்து நாணலும் அழியாமல் இருக்க வேண்டும்.