கேட்கப்படாத ஒப்புதல்: வியட்நாம் போரும் அமெரிக்கச் சமூகத்தின் பிளவும்

வியட்நாம் போர் அமெரிக்கச் சமூகத்தை ஏன் பிளந்தது என்று கேட்டால், போர் நீண்டுபோனதையும் தொலைக்காட்சி அதை வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்ததையும் காரணமாகச் சொல்வது வழக்கம். ஜான் முல்லர் 1973இல் வெளியிட்ட ஆய்வு இந்த விளக்கத்தை அசைத்துவிட்டது. கருத்துக்கணிப்புகளைக் கொண்டு கொரியப் போரையும் வியட்நாம் போரையும் ஒப்பிட்ட அவர், உயிரிழப்பு ஏற ஏற இரண்டுக்குமான ஆதரவும் ஏறத்தாழ ஒரே போக்கில் சரிந்ததைக் காட்டினார். கொரியப் போரின்போது தொலைக்காட்சிப் போர்ச் செய்தி என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. ஆதரவு குறைந்ததற்கு முல்லரின் விளக்கம் போதும். ஆனால் கொரியப் போரை வெறுத்தவர்கள் படைச்சேர்ப்பு அட்டைகளைத் தெருவில் எரிக்கவில்லை. அரசின் சொல்லையே நம்ப மறுக்கவில்லை. வெறுப்பின் அளவு ஒத்திருந்தும் அதன் வடிவம் ஏன் மாறியது? போர் தொடங்கப்பட்ட முறையில்தான் இதற்கு விடை இருக்கிறது என்பது என் வாதம்.

1964 ஆகஸ்ட் 2 அன்று டொன்கின் வளைகுடாவில் ‘மடாக்ஸ்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை வடவியட்நாமியப் படகுகள் தாக்கின. ஆகஸ்ட் 4 அன்று இரண்டாம் தாக்குதல் நடந்ததாக அறிவிக்கப்பட்டது. அதன்மேல் ஐயம் இருப்பதாகக் களத்தில் இருந்த தளபதியே அன்றே தந்தி அனுப்பினார். அப்படி ஒரு தாக்குதல் நடக்கவில்லை என்று தேசியப் பாதுகாப்பு முகமையின் வரலாற்றாய்வாளர் ராபர்ட் ஹான்யோக் எழுதிய ஆய்வு 2005இல்தான் பொதுவெளிக்கு வந்தது. அமெரிக்கா வகுத்த திட்டப்படி தென்வியட்நாமியப் படகுகள் அதற்குச் சற்று முன்னர் வடக்கின் கரையோரத் தீவுகளைத் தாக்கியிருந்ததும் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு முழுமையாகச் சொல்லப்படவில்லை. பிரதிநிதிகள் சபையில் ஒரு மணி நேரம்கூட விவாதம் நீடிக்கவில்லை. ஆகஸ்ட் 7 அன்று அங்கே 416–0, செனட்டில் 88–2 என்ற கணக்கில், படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் தரும் டொன்கின் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்த வேய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங் இருவரும் 1968இல் தங்கள் இடங்களை இழந்தார்கள்.

இந்தத் தீர்மானத்தைவிட, அதைக் கொண்டு 1965இல் நடந்தவை முக்கியமானவை. மார்ச் 8 அன்று டா நாங்கில் மரைன் படை இறங்கியபோது, விமானத் தளத்தைக் காப்பதே அதன் வேலை என்று சொல்லப்பட்டது. ஏப்ரல் 6 அன்று பிறப்பிக்கப்பட்ட ரகசிய ஆணை அப்படைக்குத் தாக்கும் பொறுப்பையும் தந்தது. செய்தி முன்கூட்டியே வெளியாகக் கூடாது, நடப்பதெல்லாம் பழைய கொள்கையின் தொடர்ச்சியாகவே தோன்ற வேண்டும் என்பதும் அதே ஆணையின் கட்டளை. ஒரு குடியரசு தன் மக்களிடமிருந்து போரை மறைக்க எழுத்திலேயே முடிவெடுத்தது! ஜூலையில் பாதுகாப்புச் செயலர் மெக்னமாரா சுமார் 2,35,000 ரிசர்வ் படையினரையும் தேசியக் காவற்படையினரையும் அழைக்கப் பரிந்துரைத்தார். அதிபர் ஜான்சன் மறுத்தார். ஜூலை 28 அன்று, நண்பகல் செய்தியாளர் கூட்டத்தில், துருப்புகள் 1,25,000 ஆக உயரும், மாதந்தோறும் கட்டாயமாகச் சேர்க்கப்படுவோர் 17,000இலிருந்து 35,000 ஆவார்கள் என்று மட்டும் அறிவித்தார்.

காரணத்தை நாள்காட்டியே சொல்கிறது. அடுத்த இரண்டு நாளில் முதியோர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்திலும், ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டத்திலும் அவர் கையெழுத்திட்டார். போரின் உண்மையான விலை தெரிந்தால் பழமைவாத உறுப்பினர்கள் இந்தச் சீர்திருத்தங்களை முடக்கிவிடுவார்கள் என்று அவர் அஞ்சினார். அந்தச் சட்டங்கள் மகத்தானவை. அவற்றுக்காக அவர் பட்ட பாட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அந்த மறைப்பின் சுமை எளியவர்மேல் விழுந்தது. கொரியப் போரிலும் முறையான போர்ப் பிரகடனம் இல்லை என்பது உண்மை. ஆனால் அன்றைய அதிபர் ட்ரூமன் ரிசர்வ் படையினரை அழைத்தார், வரிகள் உயர்ந்தன, விலைக் கட்டுப்பாடு வந்தது. நாடு போரில் இருப்பதை ஒவ்வொரு குடும்பமும் உணர்ந்தது. வியட்நாம் போருக்காக 10 சதவீதக் கூடுதல் வரி 1968இல்தான் வந்தது. ரிசர்வ் படைகள் பெரிய அளவில் அழைக்கப்படாததால் தேசியக் காவற்படையே போருக்குத் தப்பும் புகலிடமாயிற்று. கல்லூரி மாணவர்களுக்குத் தள்ளிவைப்புக் கிடைத்தது. கல்லூரி வாசலை மிதிக்க வழியில்லாத தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் நெல்வயல்களில் இறந்தார்கள். கட்டாயச் சேர்ப்புக்கான குலுக்கல் முறை 1969 டிசம்பரில் வந்தபோது துருப்புகளின் எண்ணிக்கை தன் உச்சமான ஏறத்தாழ ஐந்தரை லட்சத்தை ஏற்கெனவே தொட்டு இறங்கத் தொடங்கியிருந்தது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கொரியப் போர்க் காலத்தில் செனட்டர் மக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டை எதிர்ப்புக் குரல்களை ஒடுக்கியிருந்தது. 1960களில் குடிமை உரிமைப் போராட்டம் மறியலையும் சிறை செல்வதையும் ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. எனவே வடிவம் மாறியது காலத்தால்தான், போர் தொடங்கப்பட்ட முறையால் அல்ல என்று சொல்லலாம். எதிர்ப்பாளர்கள் எப்படிப் போராடினார்கள் என்பதை இது விளக்குகிறது. ஆனால் பெருவாரியான நடுத்தர மக்கள், போரை ஆதரித்தவர்கள் உட்பட, அரசை ஏன் நம்பாமல் போனார்கள் என்பதை விளக்கவில்லை. 1967 இறுதியில் வெற்றி நெருங்குவதாகச் சொன்ன அரசை 1968 ஜனவரியில் எதிரிப் படைகளின் டெட் தாக்குதல் பொய்யாக்கியது. 1971 ஜூனில் ‘பென்டகன் ஆவணங்கள்’ வெளியானபோது, ஐயமாக இருந்தது அரசின் சொந்தக் கோப்புகளாலேயே உறுதியாயிற்று. அதே ஆண்டு ஜனவரியில் டொன்கின் தீர்மானம் ரத்தாகியிருந்தும் போர் நின்றுவிடவில்லை.

காங்கிரஸ் இதிலிருந்து ஒரு பாடம் கற்றது. அதிபர் நிக்சனின் மறுப்பாணையை மீறி 1973 நவம்பரில் நிறைவேறிய போர் அதிகாரத் தீர்மானம், காங்கிரஸின் ஒப்புதலின்றி 60 நாளுக்குமேல் படைகளைப் போரில் ஈடுபடுத்தக் கூடாது என்றது. ராணுவம் வேறொரு பாடம் கற்றது: ரிசர்வ் படைகள் இல்லாமல் பெரும்போர் நடத்த இயலாதபடி தன் அமைப்பையே மாற்றிக்கொண்டது. தளபதி கிரெய்டன் ஏப்ரம்ஸ் இதை அதிபர்களைக் கட்டுப்படுத்தும் நோக்கத்தோடே செய்தாரா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. நோக்கம் எதுவாயினும், 1965 ஜூலையில் மறுக்கப்பட்டதைத்தான் அந்த ஏற்பாடு சரிசெய்ய முயன்றது. ஆனால் அதே 1973இல் கட்டாய ஆள்சேர்ப்பு முடிவுக்கு வந்தது. அதோடு, போருக்கு யாருடைய பிள்ளை போவது என்ற கேள்வியைப் பெரும்பாலான அமெரிக்கக் குடும்பங்கள் தம் வீட்டுக்குள் எழுப்பவேண்டிய தேவையும் நீங்கியது.