'வேலூர் அளவுக்கு வெயில் இல்லையே...' கடலூர், சிதம்பரம் புழுக்கம் இதயத்தை என்ன செய்யும்?

கோடை வந்தாலே எல்லோரும் கேட்பது, வேலூரில் எத்தனை டிகிரி, கரூர் பரமத்தியில் எத்தனை டிகிரி என்றுதான். "நமக்கென்னப்பா, கடல் காத்து இருக்கு" என்பது கடலூர்க்காரர்களின் ஆறுதல். இதயத்தைப் பொறுத்தவரை அது பாதிதான் உண்மை.

உடம்பு சூடானதும் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன. பிபி இறங்குகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. வியர்வையில் தண்ணீரும் உப்பும் வெளியேறுவதால் ரத்தம் கெட்டியாகிறது. ஏற்கெனவே ரத்தக் குழாயில் அடைப்பு இருப்பவருக்கு இது பெரிய சுமை.

சரி, கடலோரத்தில் என்ன சிக்கல்? வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரப்பதம் அதிகமா இருந்தா வியர்வை வழியுமே தவிர காயாது. சட்டை நனைவதுதான் மிச்சம். இதயம் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் வெப்ப அலைக்கு சமவெளியில் 40 டிகிரியை அளவாக வைத்திருக்கும் வானிலை ஆய்வு மையம், கடலோரத்துக்கு 37 டிகிரி போதும் என்கிறது (அது வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும்).

ஆனால் அந்த எச்சரிக்கைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். 2024 அக்டோபர் 6-ம் தேதி சென்னை மெரினாவில் விமான சாகச நிகழ்ச்சி பார்க்கப் போன 5 பேர் உயிரிழந்தார்கள். வெயில் தாக்கமே காரணம் என்று அப்போது அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது. அக்னி நட்சத்திரம் முடிந்து நான்கு மாதம் கழித்து நடந்தது இது! அதே மாதம்தான் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது தமிழக அரசு. வெப்ப அலையால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு.

மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிங்க. நீர் பிரியும் மாத்திரையும் சில பிபி மாத்திரைகளும் வெயில் காலத்தில் தலைசுற்றலைக் கூட்டலாம். அதுக்காக நீங்களே நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் அளவை மாற்றணுமா என்று கேளுங்கள். இதயம் பலவீனமாக இருப்பதால் 'தண்ணியைக் குறைங்க' என்று சொல்லப்பட்டவர்களும், கோடையில் எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

குளிர்? நம்ம ஊரில் பனி பெய்யாது. ஆனால் 13 நாடுகளின் இறப்புகளை அலசி 2015-ல் வெளியான லான்செட் ஆய்வு, வெயிலைவிடக் குளிர்தான் அதிக உயிர்களைப் பறித்தது, அதிலும் பெரும்பாலும் மிதமான குளிர் என்றது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், பிபி ஏறும். மாரடைப்பு இயல்பாகவே காலை நேரத்தில் அதிகம்.

சிதம்பரம் நடராஜர் கோயிலின் இரண்டு பெரிய விழாக்களும் இந்த இரண்டு பருவத்தில்தான் வருகின்றன: வெயிலில் ஆனித் திருமஞ்சனம், பனியில் மார்கழி ஆருத்ரா தரிசனம். ஆனித் தேருக்குப் போகும் இதய நோயாளிகள் கூட்டத்தின் நடுவில் நிற்காமல் நிழலோரம் நில்லுங்கள். மார்கழி அபிஷேகம் பார்க்கப் போறவங்க காதையும் நெஞ்சையும் மூடிக்கொண்டு போங்க, மாத்திரையைத் தவறவிடாதீங்க.

நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடை வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் 'கேஸ்' என்று சோடா குடித்து நேரத்தைப் போக்காமல் 108-ஐ அழையுங்கள். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைக்கப்பட்டுள்ளன.