வெர்னியின் நாய்களும் எண்ணூர் உப்பும்

வடசென்னையில் வெளி வேலைக்குப் போகிற பெண்கள் பலரிடம் ஒரு கணக்கு உண்டு. கிளம்பும்போது ஒரு டீ. அதுக்கப்புறம் மத்தியானம் வரைக்கும் தண்ணி கிடையாது. காசிமேட்டில் மீன் விற்பவர், திருவொற்றியூரில் ரோட்டோரம் இட்லிக்கடை போடுபவர், மணலிப் பக்கம் ஒப்பந்தத் துப்புரவு வேலைக்குப் போகிறவர் என்று தொழில் மாறும், கணக்கு மாறாது. குடிச்சா ஒண்ணுக்கு வரும், வந்தா போக இடம் இல்ல. அவ்ளோதான்.

உடம்பு இதை எப்படித் தாங்குகிறது? இதைக் கண்டுபிடிக்க ஐரோப்பாவுக்கு அரை நூற்றாண்டு ஆனது. நடுவில் ஒருமுறை முழுசாகத் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள் என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம்.

1895இல் லண்டனில் ஆலிவரும் ஷேஃபரும் மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை விலங்குகளுக்குச் செலுத்தினார்கள். ரத்த அழுத்தம் ஏறியது. அடுத்த சில ஆண்டுகளில் மயக்கத்தில் இருந்த விலங்குகளில் அதே சாறு சிறுநீரை அதிகமாக்குவதையும் பார்த்தார்கள். எனவே பிட்யூட்டரி என்றால் சிறுநீரைப் பெருக்கும் சுரப்பி என்று முடிவாகிவிட்டது. பாடப்புத்தகம் வரைக்கும் போயிருக்கும். ஆனால் 1913இல் இத்தாலியில் ஃபரினியும் ஜெர்மனியில் வான் டென் வெல்டனும், நாள் முழுக்கத் தண்ணீர் குடித்து நாள் முழுக்கச் சிறுநீர் கழிக்கும் ஒரு நோயுள்ளவர்களுக்கு அந்தச் சாற்றைக் கொடுத்தார்கள். சிறுநீர் குறைந்தது, தாகமும் அடங்கியது. மயக்க மருந்து கொடுத்த விலங்கு ஒன்றைச் சொன்னது, விழித்திருந்த நோயாளி நேர்மாறாகச் சொன்னார்.

இந்தப் பாடத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டவர் எர்னஸ்ட் வெர்னி. 'ஹார்மோன்' என்ற சொல்லை 1905இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஸ்டார்லிங்கோடு வேலை பார்த்தவர். தனியாகப் பிரித்தெடுத்த சிறுநீரகம் வெறும் தண்ணீர் போன்ற சிறுநீரையே வெளியேற்றும், பிட்யூட்டரி சாறு சேர்த்தால் அது கெட்டியாகும் என்று 1920களில் இருவரும் காட்டினார்கள். அப்படியானால் அந்த மடையை எப்போது அடைக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

கேம்பிரிட்ஜில் வெர்னி நாய்களை மயக்காமல், விழித்திருக்கும்போதே சோதித்தார். மூளைக்குப் போகும் கழுத்துத் தமனியைத் தோலோடு சேர்த்து ஒரு வளையமாக வெளியே எடுத்துவைத்தார். நாய்க்கு நிறையத் தண்ணீர் கொடுத்து, சிறுநீர் தாராளமாக வரும் நேரத்தில், அந்தத் தமனிக்குள் உப்புக் கரைசலைச் செலுத்தினார். சிறுநீர் சரிந்தது. சர்க்கரைக் கரைசலுக்கும் அப்படியே. செல்லுக்குள் சுலபமாகப் புகுந்துவிடும் யூரியாவுக்கு அந்த விளைவு இல்லை. பிட்யூட்டரியின் பின்பகுதியை எடுத்துவிட்ட நாயில் எதிர்வினை ஏறக்குறைய இல்லாமல் போனது. மூளைக்குள் ஏதோ ஒன்று ரத்தத்தின் செறிவைச் சுருங்கியும் விரிந்தும் அளக்கிறது. வெர்னி அதற்கு ஆஸ்மோரிசெப்டர் என்று பேர் வைத்தார். செறிவு சுமார் 2 சதவீதம் கூடினாலே அது விழித்துக்கொள்கிறது. 1947இல் ராயல் சொசைட்டியின் குரோனியன் சொற்பொழிவாக இது அச்சில் வந்தது. பயந்துபோன நாய்க்கும் சிறுநீர் குறைகிறது என்பதையும் அவருடைய ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

மிச்சம் வேகமாக வந்தது. ஹார்மோன் உருவாவது பிட்யூட்டரியில் அல்ல, மேலே ஹைப்போதாலமஸில். பிட்யூட்டரி வெறும் கிடங்கு. ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட அந்த வாசோபிரசினை ஆய்வகத்தில் செய்து காட்டிய து விக்னோவுக்கு 1955இல் வேதியியல் நோபல். நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டரை வடிகட்டுகின்றன. பெரும்பகுதி எந்த உத்தரவுக்கும் காத்திராமல் ரத்தத்துக்குத் திரும்பிவிடும். கடைசி 20 லிட்டர் சுமாருக்குத்தான் வாசோபிரசின் கணக்கு. அது வந்து தட்டினால் சேகரிப்புக் குழாய்ச் சுவரில் அக்வாபோரின் என்ற நீர்க்கதவுகள் வந்து பொருந்தும், தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். வராவிட்டால் எல்லாம் வெளியே. இந்தக் கதவுகளைக் கண்டுபிடித்த பீட்டர் ஏக்ருக்கு 2003இல் நோபல். எவ்வளவு இறுக்கினாலும் கழிவை வெளியேற்ற நாளுக்கு அரை லிட்டர் போயே ஆகவேண்டும். அதற்குக் கீழே பேரம் இல்லை.

இப்போது எண்ணூருக்கு வருவோம். உப்பு இந்த மண்ணின் பழைய தொழில். 1805இல் மதராஸ் மாகாணத்தில் உப்பு கம்பெனியின் ஏகபோகமானது. சென்ட்ரல் பக்கத்து 'சால்ட் கொட்டார்ஸ்' என்ற பேர் அந்தக் காலத்து மிச்சம். துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் நிலக்கரி யார்டுகளும் வந்தபின் எண்ணூர், அத்திப்பட்டு உப்பளங்கள் ரொம்பவே சுருங்கிவிட்டன. உப்பளத்தில் நிற்பவரின் ரத்தம் கெட்டியாக உப்பைத் தின்ன வேண்டியதில்லை. வியர்வை ரத்தத்தைவிட நீர்த்தது. வியர்க்க வியர்க்க உப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம் போகும், மிச்ச ரத்தம் செறிவாகும். வெர்னி ஊசியால் செய்ததை வெயில் செய்கிறது.

வெர்னியின் சொற்பொழிவு வந்த மறுவருஷம், 1948இல், இந்தியாவில் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 2025இல் நீக்கப்படும் வரை அதன் 18ஆவது பிரிவு குடிநீர் பற்றியதாக இருந்தது: தண்ணீர் வைத்த இடத்தில் தொழிலாளிகளுக்குப் புரியும் மொழியில் எழுதிவைக்க வேண்டும், 250 பேருக்கு மேல் இருந்தால் வெயில் காலத்தில் குளிர்ந்த நீர். 19ஆவது பிரிவு கழிப்பறை, பெண்களுக்குத் தனியாக. நல்ல சட்டம்தான், கிண்டல் இல்லை. இந்த இரண்டு பிரிவுகளும் அடுத்தடுத்து நின்றதே உடலியல் படித்தவர் எழுதியதுபோல இருந்தது. ஆனால் மீன் கூடைக்கும் இட்லிக்கடைக்கும் ரோட்டில் வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர் டிரைவருக்கும் 18ஆவது பிரிவு எட்டியதில்லை.

பல வருஷம் இப்படி இறுக்கியே வைத்திருந்தால் என்ன ஆகும்? சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 பேரைப் பரிசோதித்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 90 சதவீதம் பேர் வெப்ப வரம்பைத் தாண்டி உழைத்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. எல் சல்வடோர், நிகரகுவா கரும்புத் தோட்டங்களில் சர்க்கரை நோயோ ரத்தக்கொதிப்போ இல்லாத இளம் ஆண்களின் சிறுநீரகங்கள் செத்துப்போன கதை உலகுக்குத் தெரியும். அங்கே காரணம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஓயாமல் சுரக்கும் வாசோபிரசினே சேதத்தில் பங்காளியோ என்று சந்தேகிக்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

காட்டுப்பள்ளியில் 2010 முதல் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை இருக்கிறது. சவ்வுக்கு இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் உப்பு. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய். காசிமேட்டுப் பெண் ஏப்ரல் மாதத்தில் காலை டீயோடு நிறுத்திக்கொண்டு, மத்தியானம் பழுப்பாகக் கொஞ்சம் சிறுநீர் கழித்து, பத்து வருஷம் கழித்து டயாலிசிஸுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால், அது அந்தக் கணக்கில் வராது.